ரோஸ்லினின் கால்கள் நேரான கதை

மாவுக்கட்டு அறுக்கும் மிஷினைப் பார்த்து அழாத குழந்தையை நான் அதுவரை பார்த்ததில்லை. சின்ன வட்ட ரம்பம்தான். ஆனால் போட்டால் மாவு மில் மாதிரி சத்தம் வரும், வெள்ளைப் பொடி மூக்கில் ஏறும். “இது தோலை அறுக்காது கண்ணு” என்று சொல்லி, ஓடுகிற ரம்பத்தை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவேன். அம்மாக்கள் நம்பிவிடுவார்கள். குழந்தைகள் நம்ப மாட்டார்கள்.

ரோஸ்லின் அழவில்லை. கடலூர் ஆஸ்பத்திரி ஒன்றில், கட்டுப் போடும் அறையின் மேஜைமேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, மேலே சுற்றிய மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. தொடையிலிருந்து கால்விரல் வரை இரண்டு கால்களிலும் ஆறு வாரமாகக் கட்டு இருந்தது.

ஊழியர் கட்டைப் பிளந்து எடுத்ததும் அந்த வாசனை வந்தது. ஆறு வாரம் தண்ணீர் படாத தோலின் வாசனை. கால்கள் இரண்டும் குச்சியாக, செதில் செதிலாகத் தோல் உரிந்து கிடந்தன. ஆனால் நேராகக் கிடந்தன. பிறந்ததிலிருந்து நேராகாத முழங்கால்கள் மேஜையோடு ஒட்டிக்கிடந்தன.

“ஏசுவே! எவ்ளோ நேரா இருக்குது பாருங்க மேடம்!” அவளுடைய அம்மா அமலா சிலுவை போட்டுக்கொண்டார். நானும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

ரோஸ்லின் தலையைத் தூக்கித் தன் கால்களைப் பார்த்தாள். யாருடைய காலையோ பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள்:

“மடக்க முடியுமா, மேடம்?”

நான் சிரித்துவிட்டேன். மடங்கிக் கிடந்ததை நேராக்கத்தானே இவ்வளவு பாடும். “மடக்கறதுக்கா உனக்கு ஆபரேஷன் பண்ணோம்?” என்று கன்னத்தைத் தட்டினேன். அவள் திரும்பவும் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அந்தக் கேள்விக்கு நான் அன்றைக்கே உட்கார்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டும்.

என் அறை

போன வாரம் இந்தப் பகுதியில் பஸ் பயணத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ‘நீங்கள் என்ன வேலைதான் பார்த்தீர்கள், அதைச் சொல்லுங்கள்’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயம்தான்.

நான் பிசியோதெரபிஸ்ட். கடலூரில் வீடு, சிதம்பரத்தில் வேலை. ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய சிறிய மையம். சுனாமிக்குப் பிறகு தொடங்கினார்கள். தேதி, வருஷம் எல்லாம் கேட்காதீர்கள். சுனாமிக்குப் பின்னால், தானே புயலை ஒட்டின வருஷங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் ஞாபகத்தில் அந்த வருஷங்கள் எல்லாம் ஒரே நாளாகத்தான் இருக்கின்றன. காலையில் பஸ், பிறகு பாய் விரித்த ஒரு அறை, அதில் வரிசையாகக் குழந்தைகள், சாயங்காலம் மறுபடி பஸ்.

வந்தவர்களில் பாதிப் பேர் சி.பி. குழந்தைகள். தமிழில் பெருமூளை வாதம் என்று எழுதுவோம். பிறக்கும்போதோ அதற்கு முன்னாலோ மூளையில் ஒரு சேதம். அதன்பிறகு தசைகளுக்குச் சரியான உத்தரவு போவதில்லை. கால் தசைகள் கயிறு முறுக்கின மாதிரி இறுகிவிடும். முழங்கால் மடங்கியே இருக்கும், குதிகால் தரையில் படாது, தொடைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மூளையில் நடந்ததை யாராலும் சரிசெய்ய முடியாது. இறுகின தசையை இழுத்துவிடலாம், அதற்கும் மேலே போனால் அறுவை சிகிச்சையில் நீட்டிவிடலாம். இழுத்துவிடுவது என் வேலை. ஒரு நாளைக்கு இருபது குழந்தைகள், நாற்பது கால்கள். எனக்கு அப்போதே முதுகு போய்விட்டது.

வருகிற எல்லா அம்மாக்களும் கேட்பது ஒரே கேள்விதான். “நடப்பாளா மேடம்?” “நடப்பானா மேடம்?” முதல் வருஷம் பக்கம் பக்கமாகப் பதில் சொன்னேன். ஐந்தாவது வருஷம் “பாக்கலாம்மா” என்று நிறுத்திக்கொண்டேன். அலுப்பு என்றால் அதுதான் அலுப்பு. குழந்தை அலுக்காது, அந்தக் கேள்வி அலுத்துவிடும்.

ரோஸ்லின் வந்தது குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்திலிருந்து. அப்பா அந்தோணி கொத்தனார். அமலா முந்திரிக்கொட்டை உடைக்கும் கூடத்தில் வேலை பார்த்தார். அந்த ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு இரண்டு கையும் கறுத்து, தோல் வெந்தமாதிரி இருக்கும். அந்தக் கையால் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வடலூரில் பஸ் மாறி, வாரம் இரண்டு நாள் சிதம்பரம் வருவார். நான்கு வயதில் தூக்கி வந்தார், பத்து வயதிலும் தூக்கித்தான் வந்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து மையம் வரைக்கும் ஆட்டோ வைத்துக்கொள்ளச் சொன்னால், “எறக்கி ஏத்தறதுக்கு நடந்தே வந்துருவேன் மேடம்” என்பார்.

அறிவில் ரோஸ்லினுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த விஷயத்தில் என்னைவிட நாலு படி மேல். வீட்டுக்குப் பின்னாலேயே ஆரம்பப் பள்ளி இருந்தது. காலையில் அமலா கொண்டுபோய் உட்கார வைப்பார், மத்தியானம் பக்கத்து வீட்டு அம்மாள் தூக்கி வந்து வீட்டில் விடுவார். அதன்பிறகு சாயங்காலம் அமலா வரும்வரை அவள் தனியாக இருப்பாள்.

ஐந்தாம் வகுப்பு வந்தபோதுதான் சிக்கல் வந்தது. ஆறாவதுக்கு வேறு பள்ளி. பெண்கள் உயர்நிலைப் பள்ளி, வீட்டிலிருந்து தூரம், முழுநேரம். அங்கே தலைமை ஆசிரியை நேராகவே சொல்லிவிட்டார்.

“படிப்புல நல்ல புள்ளன்னு தெரியுதும்மா. பாத்ரூமுக்குத் தானா போய்ட்டு வரட்டும், நாளைக்கே சேத்துக்கறேன். இங்க தூக்கிட்டுப் போக ஆயா கெடையாது. வயசுக்கு வரப்போற புள்ள, யாரு பொறுப்பு?”

அமலா என்னிடம் வந்து அதை ஒப்பித்துவிட்டுச் சொன்னார்: “நடக்கக்கூட வேணாம் மேடம். பாத்ரூம் போனா போதும். இல்லாட்டி அஞ்சாவதோட ஊட்டுலதான் கெடக்கணும்.”

ஆறு வருஷத்தில் முதல்முறையாக ஒரு அம்மா ‘நடப்பாளா’ என்று கேட்காமல் வேறு ஒன்று கேட்டார். எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

டாக்டர் நடை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து எலும்பு அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவர் எங்கள் மையத்துக்கு வருவார். நல்ல மனிதர். குழந்தைகளைத் தொடும்போது கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடுவார். கேம்ப் என்று போர்டு வைப்போம். சீர்காழியிலிருந்தெல்லாம் கூட்டம் வரும்.

கேம்ப் நாளில் குழந்தைகள் நடக்கும் நடை ஒன்று உண்டு. ‘டாக்டர் நடை’ என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிச் சிரிப்போம். புதுப் பாவாடை, முகம் முழுக்கப் பவுடர், காலில் கொலுசு. ஒரு வாரமாக அம்மா வீட்டில் பழக்கியிருப்பார். “டாக்டரு முன்னாடி குதிகால ஊனி நட, மானத்த வாங்காத.” குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து அடி அப்படியே நடந்து காட்டிவிடும். வாசலைத் தாண்டினதும் பழைய நடை. எதற்கு இந்த வேஷம் என்றால், நன்றாக நடந்தால்தான் டாக்டர் ஆபரேஷனுக்கு எடுப்பார், இல்லாவிட்டால் தேறாது என்று தள்ளிவிடுவார் என்று ஒரு நம்பிக்கை.

ஊனச் சான்றிதழ் கேம்ப் வந்தால் எல்லாம் தலைகீழ். நன்றாக நடக்கிற பிள்ளைகூட அன்றைக்கு அம்மா தோளில் தொங்கும். ஒரு பையன் குழம்பிப்போய், “இன்னிக்கு எந்த நடைம்மா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர்கூடச் சிரித்துவிட்டார்.

சிரித்தேனே தவிர, நானும் அதே வேஷத்தில் ஒரு பாத்திரம் என்று எனக்குத் தோன்றியதில்லை. ரோஸ்லினை நானேதான் தயார் செய்தேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு அடி. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, நடந்து காட்டினாள். டாக்டர் மண்டியிட்டு உட்கார்ந்து அவள் முழங்காலையும் கணுக்காலையும் மடக்கி நீட்டிப் பார்த்தார்.

“இப்படியே விட்டா ரெண்டு மூணு வருஷத்துல முட்டி வலி வந்துடும். உடம்பும் எடை கூடும். அப்புறம் நிக்கக்கூட முடியாது. முழங்கால் பின்னாடி, தொடை, குதிகால், மூணையும் ஒரே தடவையா நீட்டிடலாம்.”

பிறகு கையில் இருந்த படிவத்தைப் பார்த்தார். அதில் ஒரு கட்டம் உண்டு. அன்றாட வேலைகள். சாப்பாடு, உடுத்துவது, குளியல், கழிப்பறை. அதை நிரப்பி வைப்பது என் வேலை.

“டாய்லெட் எப்படிப் போறா?”

“அம்மா தூக்கிட்டுப் போறாங்க சார். பகல்ல அவங்க வர்றவரைக்கும் அடக்கிப்பா. நல்ல கன்ட்ரோல்.”

அமலாவும் ஆமாம் என்று தலையாட்டினார். ரோஸ்லின் வாக்கரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததால் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள். கட்டத்தில் ஏற்கெனவே ‘முழு உதவியுடன்’ என்று எழுதியிருந்தேன்.

கட்டுக்குப் பின்

பொங்கல் கழிந்து ஆபரேஷன் நடந்தது. அதில் ஒரு தப்பும் இல்லை, சுத்தமான வேலை. ஆறு வாரம் கட்டு. பிறகு நான் முதலில் சொன்னேனே, அந்த நாள்.

அதன்பிறகுதான் எங்கள் கஷ்டகாலம். நீட்டிய தசை உடனே பலம் பிடிக்காது. ஏற்கெனவே பலவீனமான தசை, அதற்கு மேல் ஆறு வாரம் ஓய்வு. முழங்கால் மடங்கிவிடாமல் இருக்க இரவு பகலாகத் தகடு வைத்த பட்டை போட்டோம். நேராக நிற்க வை, நேராக நிற்க வை என்று மூன்று மாதம் அதே பாட்டு. நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதிகால் தரையில் பட, பத்து நிமிஷம் நேராக நின்றாள். அமலா அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன்.

ஆனால் ரோஸ்லின் நாளுக்கு நாள் கறுத்துச் சிறுத்துப்போனாள். எக்சர்சைஸ் செய்யச் சொன்னால் செய்வாள். முகத்தில் ஒன்றும் இருக்காது. முன்பெல்லாம் என் தலைமுடி நரையை எண்ணிச் சொல்லிக் கிண்டல் பண்ணுகிற பெண். ஒருநாள் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தாள்.

“இவ்வளவு செஞ்சும் திமிரு பாருங்க மேடம்,” அமலாவுக்கு அழுகை வந்துவிட்டது. “முன்னாடியாச்சும் மத்தியானத்துல அடக்கிக்கிட்டு இருப்பா. இப்ப டெய்லி பாவாடையிலயே போயிடறா. பத்து வயசுப் புள்ள. பக்கத்து ஊட்டம்மா மூஞ்ச சுளிக்கறாங்க.”

“ஆபரேஷன் ஆன புதுசுல அப்படித்தாம்மா இருக்கும்.” எதற்கெடுத்தாலும் நாங்கள் சொல்கிற பதில் இது. நானும் சொன்னேன்.

ஜூன் வந்தது. பள்ளிக்கூடம் திறந்தார்கள். நான் அமலாவோடு போய்த் தலைமை ஆசிரியையைப் பார்த்தேன். ரோஸ்லினை எழுப்பி நிற்க வைத்தேன். நேரான கால்களைக் காட்டினேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“நல்லா நிக்கறா டீச்சர்.” அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். “பாத்ரூம் போவாளா?”

நான் ரோஸ்லினைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தேன்.

“அடுத்த வருஷம் பாப்போம்.”

சுவரில் கை

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, ரோஸ்லினின் வீட்டுக்குப் போனேன். வீடுகளுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் மையத்தில் சட்டம். இருபது குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டுக்கு ஆறு வருஷத்தில் அது இரண்டாவது தடவை.

அமலா டீ போட உள்ளே போனார். பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஏதாவது செய்துவைக்க முடியுமா என்று பார்க்கலாம் என்று நான் கொல்லைப்பக்கம் போனேன். பின்வாசலிலிருந்து பத்தடி தள்ளி, அரசாங்கத் திட்டத்தில் கட்டிய கக்கூஸ். ஒரு ஆள் நின்று திரும்ப முடியாத அளவுக்குக் குறுகல். தகரக் கதவைத் திறந்தேன்.

சுண்ணாம்பு அடித்த சுவரில் கறைகள் தெரிந்தன. இரண்டு பக்கச் சுவரிலும், நேருக்கு நேர், என் இடுப்புக்குக் கீழே ஒரு வரிசை. அதற்கும் கீழே, முழங்கால் உயரத்தில் இன்னொரு வரிசை. மண் படிந்த சின்னச் சின்ன உள்ளங்கைகள். ஒன்றின்மேல் ஒன்றாக, நூறு தடவை வைத்த மாதிரி.

என் தொழிலே உடம்பு போகிற வழியைப் படிப்பதுதான். கீழே உள்ள வரிசை உட்காரும்போது ஊன்றியது. மேலே உள்ளது எழுந்திருக்கும்போது. இரண்டு கையையும் இரண்டு சுவரில் கொடுத்து, மடங்கின காலை மடங்கினபடியே வைத்து, இறங்கி, ஏறியிருக்கிறாள்.

உள்ளே வந்தேன். ரோஸ்லின் கட்டிலில் பட்டை போட்ட கால்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கக்கூஸ் சுவத்துல இருக்கறது யார் கை ரோஸ்லின்?”

அவள் சமையலறைப் பக்கம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“என்துதான் மேடம்.”

“எப்படிப் போவ?”

“தவழ்ந்துகினே போவேன். வாசப்படியில குண்டிய வச்சி எறங்குவேன். அந்தாண்ட கதவு வரைக்கும் முட்டி போட்டுப் போவேன். அப்புறம் சுவத்தப் புடிச்சிக்கினு குந்திப்பேன். காலு மடங்கியே நிக்கும்ல, விழமாட்டேன். மூணாவது படிக்கச்சொல்லருந்தே போறேன். இப்பதான் முடியல. காலு வழவழன்னு போவுது, நிக்க மாட்டேங்குது.”

“ஏன்டி யார்கிட்டயும் சொல்லல?”

“நீங்கதான தவழக் கூடாதுன்னு சொன்னீங்க.”

ஆமாம். நான்தான் சொன்னேன். மையத்துக்கு வருகிற ஒவ்வொரு குழந்தைக்கும் சொல்வேன். தவழ்ந்தால் முட்டி இன்னும் மடங்கும், தவழக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது. தவழ்ந்தால் ஓர் அடி போட்டாலும் பரவாயில்லை என்று அம்மாக்களிடமும் சொல்லியிருக்கிறேன். ரோஸ்லின் என் பேச்சைக் கேட்கவில்லை, அதனால் பிழைத்தாள். நான் திட்டுவேன் என்று பயந்து இரண்டு வருஷம் மறைத்தாள். கேம்ப் அன்றைக்கு வாயைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்துத்தான் மூடிக்கொண்டிருக்கிறாள்.

டீ டம்ளரோடு அமலா வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது, ஆனால் போதுமான அளவு கேட்டிருந்தார். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

“நான் புடிச்சிக்கறப்ப ஊணுன கைன்னு இருந்தேன்... பூரான் கெடக்குற எடத்துல... தனியா...” என்று முணுமுணுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப இவளுக்கு அதெல்லாம் முன்னயே முடிஞ்சிதா மேடம்? நாம எதுக்கு ஆபரேசன் பண்ணோம்?”

அந்தக் கேள்விக்கு முன்னால் நான் கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன். இருபது வருஷ வேலையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. ஆபரேஷன் வேண்டாததில்லை. டாக்டர் சொன்ன முட்டி வலி உண்மை, எடை கூடுவது உண்மை. ஆனால் ஒரு குழந்தை தன் இறுக்கத்தையே ஊன்றுகோலாக்கி ஒரு காரியம் செய்துகொண்டிருந்தால், அதை முதலில் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும். எதை எவ்வளவு நீட்டுவது, பிறகு எதற்குப் பயிற்சி கொடுப்பது என்று எல்லாமே மாறியிருக்கும். டாக்டர் கேட்டார். தப்பாகப் பதில் எழுதியது நான். இதையெல்லாம் அமலாவிடம் சொன்னேன். என் தப்புதான் என்றும் சொன்னேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “டீ ஆறிப்போச்சி, குடிங்க” என்றார்.

மறுபடி முதலிலிருந்து

திங்கட்கிழமை பட்டையைப் பகலில் கழற்றிவிட்டேன். “இனிமே நீ சொல்லு, நான் செய்யறேன்” என்றேன் ரோஸ்லினிடம். அவள் நம்பவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் வாயைத் திறந்தாள். பெஞ்சுகளை நெருக்கிப் போட்டு, இரண்டு சுவர் மாதிரி வைத்து, நடுவில் குந்திப் பழகினோம். “இன்னும் கிட்டக்க போடுங்க.” “கொஞ்சம் தாழ்வா வேணும்.” “மேடம், நீங்க தொடாதீங்க, தொட்டா விழறேன்.” அறையிலிருந்த மற்ற அம்மாக்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். இத்தனை நாளாகக் குந்தக் கூடாது என்று சொன்ன மேடம் இப்போது குந்து குந்து என்கிறாரே என்று.

எளிதாக வந்துவிடவில்லை. நீட்டின தசை பழைய மாதிரி தாங்காது. புது பலம்தான் ஏற வேண்டும். மழைக்காலம் முழுக்க விழுந்தாள். அமலா பாதி நாள் வேலையை விட்டுவிட்டு வந்தார். எனக்கு முதுகுக்குப் பெல்ட் வந்தது. நடுவில் ஒரு மாதம் மூவருக்குமே அலுத்துப்போய், சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சென்னை டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நானும் குழந்தைகிட்டயே கேட்டிருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். அடுத்த கேம்ப்பிலிருந்து முதலில் குழந்தைகளிடம் தனியாகப் பேசுவது என்று முடிவு செய்தோம். அடுத்த கேம்ப்புக்கு அறுபது பேர் வந்தார்கள். ஒன்பது பேரிடம் பேசினேன். அதற்குள் வெளியே கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

மாசி மாதம், பெஞ்சு இல்லாமல் கம்பியைப் பிடித்து உட்கார்ந்து எழுந்தாள். இந்தத் தடவை குதிகால் தரையில் பட்டிருந்தது. எழுந்ததும் கம்பியைப் பிடித்தபடி நேராக நின்றும் காட்டினாள். முன்பு அவளால் முடியாதது அது. கோடைக்குள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வராந்தா முழுக்கப் போகவும் பழகினாள். ஆபரேஷனுக்கும் உரியதைக் கொடுக்கத்தான் வேண்டும்.

பள்ளிக்கூடம்

மறு ஜூன். தலைமை ஆசிரியை அதே கேள்வியைக் கேட்டார். நான் ரோஸ்லின் பக்கம் கையைக் காட்டினேன்.

“போவேன் மிஸ்,” என்றாள். “ஆனா நேரமாவும். ரெண்டு பக்கமும் புடிக்க பைப்பு வேணும். எங்கப்பா கொத்தனாரு, அவரே போட்டுக் குடுப்பாரு.”

தலைமை ஆசிரியை முதலில் என்னைப் பார்த்தார், பிறகு அவளை. “சரி, வரச்சொல்லு உங்கப்பாவ” என்றார்.

அந்தோணி ஞாயிற்றுக்கிழமை வந்து, கடைசிக் கழிப்பறையில் இரண்டு பக்கமும் இரண்டு உயரத்தில் இரும்புப் பைப் பதித்தார். வீட்டுச் சுவரில் அளவெடுத்துக் கொண்டுவந்திருந்தார். சிமெண்ட் காய்ந்ததும் தன் எடை முழுவதையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார்.

பள்ளி திறந்த அன்றைக்குச் சாயங்காலம் அமலா போன் செய்தார். குரலில் சந்தோஷம் இல்லை.

“போனா மேடம். ஒண்ணும் பிரச்சினையில்ல. ஆனா தண்ணி பாட்டில அப்படியே திருப்பிக் கொண்டாந்துட்டா. ஒரு சொட்டு குடிக்கல.”

எனக்குப் புரிந்துவிட்டது. குடித்தால் போக வேண்டும். போனால் நாற்பது பெண்கள் முன்னால், வாக்கரைத் தள்ளிக்கொண்டு, மைதானத்தின் அந்தக் கோடிக்கு. உட்கார முடிந்தால் போதும் என்று ஒரு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டோமே, அதற்கு அப்பால் இப்படி ஒன்று இருக்கிறது. மறுநாளும் பாட்டில் நிறைந்தபடியே வந்தது. அதற்கு அடுத்த நாளும். உதடு வெடித்திருந்தது என்றார் அமலா. திட்ட வேண்டாம், கேளுங்கள் என்றேன். கேட்டதற்குத் “தாகமில்ல” என்றாளாம். அந்த வாரம் முழுக்க வேறு குழந்தைகளின் காலை இழுத்துக்கொண்டு இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வாரமோ மூன்றாவதோ, கடலூர் பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது போன் அடித்தது. எடுக்கத் தெம்பில்லை. இருந்தாலும் எடுத்தேன்.

“மேடம், பாட்டிலு காலி!”

“கீழ ஊத்திட்டாளா?” என் புத்தி அப்படித்தான் போயிற்று.

“நானும் அதத்தான் கேட்டேன். கோவம் வந்துடுச்சி அவளுக்கு. இருங்க, அவகிட்டயே குடுக்கறேன்.”

போன் கை மாறும் சத்தம். பஸ் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

“ஊத்தல மேடம்,” என்றாள் ரோஸ்லின். “ரெண்டு வாட்டி போனேன்.”